அப்பா செப்டிக் ஆன ஞாயிற்றுக்கிழமை

வயதானால் கோபம் தணிந்துவிடும் என்று சொல்கிறவர்கள், எங்கள் குடும்பத்தோடு ஒரே ஒரு விருந்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். எனக்கு எழுபது தாண்டி வெகுநாளாகிவிட்டது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை விழுங்குகிறேன். அப்படியும் 'செப்டிக்' என்று யாராவது சொன்னால் காது இரண்டும் சூடாகிவிடுகிறது. சொல்கிறவர்கள் பெரும்பாலும் என் சொந்தக்காரர்கள்தான்.

அறுபதுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பாட்டில் கழுவுவது, ஊசிகளை வெந்நீரில் கொதிக்க வைப்பது, வருகிறவர்களை வரிசையில் நிறுத்துவது, இவ்வளவுதான் வேலை. (வெளியில் கேட்டால் 'மெடிக்கல் லைன்' என்பேன்.) டாக்டர் ஒரு புண்ணைப் பார்த்து "செப்டிக் ஆயிடுச்சு" என்று சொன்னால் போதும், அதுவரை என்னை அதட்டிக்கொண்டிருந்த ஆள்கூடச் சுண்டிப்போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். விஷம் ரத்தத்தில் ஏறினால் உயிர் தங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே வார்த்தையில் மனிதர்களை உட்கார வைக்க முடிகிறதே என்று எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது.

அப்புறம் நான் கெட்டுப்போனதை எல்லாம் செப்டிக் என்றேன். டீ ஆறியிருந்தால் செப்டிக். அத்திப்பள்ளி பஸ் தாமதமாக வந்தால் ரூட்டே செப்டிக். அம்மா வைத்த கீரைக் குழம்பைக்கூடச் சொன்னேன். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த இடத்திலேயே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை, இருந்தால்தானே வரும்.

எங்கள் அப்பா சவரிமுத்து கொத்தனார். கோபக்காரர். அக்கா ரெஜினா பெங்களூரில் லேத் வேலை பார்க்கும் நாகராஜ் என்ற கன்னடக்காரரைக் கட்டிக்கொண்டதிலிருந்து, வீட்டில் அவள் பெயரை எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். அவளுக்குப் பையன் பிறந்த செய்தி எப்படியோ ஊருக்குத் தெரிந்துபோய், கோயில் வாசலில் நாலைந்து பேர் அப்பாவிடம் தாத்தா ஆகிவிட்டீர்களாமே என்று விசாரித்துவிட்டார்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து குடத்தை எட்டி உதைத்தார். அந்த வாரம் முழுக்க அம்மா சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர் இல்லாத நேரத்தில் டிஸ்பென்சரிக்கு டிரங்க் கால் வந்தது. அக்காதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். லைனில் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். நான் கத்திச் சொன்னேன்:

"அப்பா செப்டிக்கா இருக்காருக்கா. ரொம்ப முத்திப்போச்சு. அம்மாவே கிட்டப் போறதில்ல."

டாக்டர் என்ன சொல்கிறார் என்று அக்கா கேட்டாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து நானும் கிண்டலாகவே, இதற்கு டாக்டர் வந்தும் பிரயோசனம் இல்லை என்றேன். நீ இப்போதைக்கு வராதே என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

மறுநாள் காலை அப்பா நடுவீட்டில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் மேலிருந்த கோபத்தில் பூசைக்குக்கூடப் போகவில்லை. வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அக்கா அழுதுகொண்டே இறங்கினாள். பின்னால் நாகராஜ், கைக்குழந்தையோடு அவருடைய அம்மா, கடைசியாக, வழியில் கோயிலிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த பங்குச் சாமியார். சாமியாரின் கையில் எண்ணெய்ச் சிமிழ். சாகக் கிடக்கிறவர்களுக்கு அவஸ்தை பூசுகிற எண்ணெய்.

அக்கா ஓடிப்போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, வேட்டியை முழங்கால் வரை தூக்கிப் புண்ணைத் தேடினாள். அவளுடைய மாமியாருக்குத் தமிழ் அரைகுறை. தானும் பார்க்க வேண்டும் என்று, தன் கையிலிருந்த குழந்தையை அப்பாவின் மடியில் போட்டுவிட்டு, "யாவ காலு?" என்று கேட்டாள். எந்தக் கால் என்று.

அப்பா ஒரு கையில் களியும் மடியில் பேரனுமாக, திகைத்துப்போய் கன்னடத்திலேயே பதில் சொன்னார். இரண்டு காலும் நன்றாக இருக்கிறதாம். பெண்ணின் புகுந்த வீட்டாரோடு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

சாமியார் குனிந்து, கடைசியாகப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல ஏதாவது பாவம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

"என்னாத்துக்கு சாமி கடைசியா?" என்றார் அப்பா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் விளக்கினேன். செப்டிக் என்றால் கோபம் என்ற அர்த்தத்தில் சொன்னேன் என்றேன். விளக்க விளக்க ஒவ்வொரு முகமாகச் சிவந்தது. இரண்டாம் பூசையை விட்டுவிட்டு வந்திருந்த சாமியார், கையில் சிமிழ் இருப்பதால் என்னை அடிக்க முடியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என் தலைமயிரைப் பிடித்தாள். அம்மாவுக்குக் குழம்பு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தடுக்கவே இல்லை.

நாகராஜ் அதுவரை வாசற்படியைத் தாண்டாமல் நின்றிருந்தார். ராத்திரியெல்லாம் ரெஜினா தலையில் அடித்துக்கொண்டு அழுததைச் சொல்லி, இவனுக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டார்.

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொறந்ததுலேந்தே இப்படித்தான். நீங்க உள்ள வந்து உட்காருங்க, சொல்றேன்."

உட்கார்ந்தார்கள். சின்ன வயதிலிருந்து நான் செய்த முட்டாள்தனங்களை அப்பா சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். மடியிலிருந்த குழந்தையைத் திருப்பிக் கொடுக்க அப்பாவுக்கு ஞாபகமே வரவில்லை. மத்தியானம் கோழி அடித்துச் சாப்பாடு. எனக்குக் கழுத்து மட்டும் கிடைத்தது. திங்கட்கிழமை டாக்டருக்கு விஷயம் எட்டி, நான் மெடிக்கல் லைனிலிருந்து விலக்கப்பட்டேன்.

அதற்குப் பிறகு அப்பா சாகும்வரை, மாமனாரும் மருமகனும் சந்தித்தால் என்னைத் திட்டித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்தக் குடும்பம் ஒட்டியது என்னால். அதை இதுவரை ஒருவர், ஒரே ஒருவர்கூட, வாய்விட்டுச் சொன்னதில்லை. என் கோபமெல்லாம் அங்கேதான்.

அன்று மடியில் கிடந்த பயலுக்கு இப்போது பேரக்குழந்தைகளே இருக்கிறார்கள். போன மாதம் அவன் வீட்டு நிச்சயதார்த்த விருந்தில், புதுச் சம்பந்திகளிடம் என்னைத் தோளோடு அணைத்து, "இவர்தான் எங்க செப்டிக் மாமா" என்று அறிமுகப்படுத்தினான். சம்பந்தி அம்மாள் பெரிய மனதோடு புன்னகைத்தார். கைகூப்பினார். பிறகு மெதுவாக எழுந்து, தன் தட்டையும் பக்கத்திலிருந்த இரண்டு குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.