விரதம் முறித்த கார்

சிவமயம்

கோண்டாவில்,
ஞாயிறு காலை.

சம்பந்தியாக வரவிருந்தவரும், முருகன் மனம் வைத்தால் இன்னும் வரக்கூடியவருமான பெருமதிப்புக்குரிய உரும்பிராய்ப் பஞ்சலிங்கம் ஐயா அவர்களுக்கு, ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் நமசிவாயம் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கு காரைத் தவிர யாவரும் சுகம். அங்கு தங்கள் பாரியாரின் கோபம் தணிந்து யாவரும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை நடந்தது வாகனக் கோளாறே தவிர எங்கள் சமையலறைக் கோளாறு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கார் பொரித்த எண்ணெயில் ஓடுவது தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. டீசலுக்கு வரிசையில் நின்று, எரிபொருள் நிலையத்து மதிலில் சாய்ந்தபடியே நித்திரை கொண்ட அந்த வருடத்தில் நான் எடுத்த சபதம் அது. எஞ்சினை முதலில் கொஞ்சம் டீசலில் சூடாக்கிவிட்டால், பிறகு வடை சுட்ட எண்ணெயை வடித்து ஊற்றினாலும் ஓடும், இது பௌதிகம். ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததை வீட்டில் செய்து பார்த்தால் பைத்தியம் என்கிறார்கள். எண்ணெய் வடிக்க என் பட்டு வேட்டியை எடுத்த நாளிலிருந்து என் மனைவி குணலட்சுமி, "உந்த மனிசனுக்குப் பென்சன் எடுத்தாப்பிறகு மண்டை பழுதாப் போச்சு" என்று அயலுக்கெல்லாம் கேட்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேறினால் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. மீன்சட்டி கோடிப்புறத்துக்குப் போய்விடும். வீடு முழுக்கக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். மனிதர் விரதம் இருக்கும்போது கார் மட்டும் மச்ச எண்ணெய் குடித்துவிட்டுக் கோயிலடிக்குப் போகலாமா? ஆகவே காரையும் சைவமாக்குவது என்று தீர்மானித்தேன். முதலில் சைவக்கடைகளில் கேட்டேன். அங்கே எண்ணெய் மிஞ்சுவதே இல்லை. போன வருடத்து எண்ணெய்க்கு மேலேயே இந்த வருடத்து எண்ணெயை விடுகிறார்கள். அதனால் சந்தியில் பொரியல்கடை வைத்திருக்கும் சூசைதாசனிடம் போனேன். அவர் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர் என்றாலும் ஊரோடு ஒத்துப்போகிறவர். ‘திருவிழாக் காலம், சைவம் மட்டும்’ என்று கடைவாசலில் பலகை தொங்கவிட்டிருந்தார். யாழ்ப்பாணத்தானுக்குப் பலகையில் எழுதியிருந்தால் போதாதா? வியாழக்கிழமை பின்னேரம் ஒரு பிளாஸ்டிக் கான் நிறைய வாங்கி வந்து வடித்து வைத்தேன்.

இங்கேதான் என் மனைவி வருகிறாள். வெள்ளிக்கிழமை விடிய வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தவள், வேதக்காரர் கடை எண்ணெயல்லவா, எதற்கும் ஒரு காப்பாக இருக்கட்டும் என்று கானுக்குள்ளும் ஒரு செம்பு ஊற்றிவிட்டாள். எண்ணெயில் ஓடுகிற எஞ்சின் தண்ணீரில் ஓடாது, இதுவும் பௌதிகம். அதை அறியாமல் நானும் கானை அப்படியே காருக்குள் கவிழ்த்துவிட்டு, இரு வீட்டாருமாக நல்லூரில் அருச்சனை செய்து கலியாண நாள் குறிக்கப் புறப்பட்ட உங்களை, "ஓட்டோ எதுக்கு, எங்கடை காரிலை வாங்கோ" என்று வற்புறுத்தி ஏற்றினேன். அந்தப் பெருமைக்கு முருகன் அன்றைக்கே கூலி கொடுத்துவிட்டான்.

மிச்சம் நீங்களே கண்டது. ஆனாலும் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. கார் விக்கியது, இருமியது, வீதித் தடை போட்டிருந்த இடத்தில் தண்ணீர்ப் பந்தலுக்கு நேர் முன்னால் ஒரு பெரும் புகையைக் கக்கிவிட்டுப் படுத்துவிட்டது. கற்பூரமும் சாம்பிராணியும் அடிபட்டுப்போகப் பொரியல் வாசம் எழும்பியது. காவடிக்குப் பின்னால் போன சனம் மூக்கைப் பிடித்தது. எங்கிருந்தோ நாலு நாய் வந்து புகைக்குழாயடியில் பக்தியோடு குந்திக்கொண்டன. மோர் வார்த்துக்கொண்டிருந்த பெடியங்களைப் பார்த்து ஒரு அம்மா, "ஆரடா இஞ்சை மீன் பொரிக்கிறது?" என்று கத்த, அவர்கள் என் காரைக் கைகாட்ட, காணாமற்போன பிள்ளையைப் பற்றிய அறிவித்தலை இடையில் நிறுத்திவிட்டு, "பொரியல் மணக்கும் சாம்பல் நிறக் காரின் சொந்தக்காரர் அதை உடனடியாக அப்புறப்படுத்தவும்" என்று கோயில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தங்கள் பாரியார் கதவைத் திறந்து இறங்கி, "திருவிழாவுக்கும் சட்டி மாத்தாத வீட்டிலை என்ரை பிள்ளை கை நனைக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டு ஓட்டோ மறித்தார்.

நீங்கள் மட்டும் கோபிக்கவில்லை. மூக்கை மூடியிருந்த சால்வையை விலக்கி, கண்ணை மூடி, ஒருதரம் நன்றாக உள்ளிழுத்து, "உது மீனில்லை, கணவாய்ப் பொரியல்" என்றீர்கள். அந்த இக்கட்டிலும் உங்கள் ஆராய்ச்சிப் புத்தியை நான் வியந்தேன்.

சூசைதாசன் கொடியேற்றத்துக்கு முந்திய பழைய எண்ணெயை என் தலையில் கட்டிவிட்டார் என்பதே என் முடிவு. பிழை எண்ணெயில்; எங்கள் சட்டி சுத்தம். என் மகள் சாருஜாவும் தங்கள் மகன் சிவகரனும் ஒருவரையொருவர் விரும்பியதால்தான் நாமிருவரும் சம்மதித்தோம். வெள்ளிக்கிழமையிலிருந்து பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "அப்பா, உங்கடை காரை வித்துப்போட்டு என்னைக் கட்டிக்குடுங்கோ" என்று மட்டும் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் விசர் வேலையால் அவளுடைய வாழ்க்கை நின்றுபோனால் நான் தாங்கமாட்டேன். காரை விற்கத் தயார். உங்கள் இருவர் காலிலும் விழத் தயார். பாரியாரிடம் எனக்காக ஒரு வார்த்தை கதைக்கவேண்டும், ஐயா.

நல்லூரான் தங்கள் குடும்பத்துக்குச் சகல சௌபாக்கியங்களையும், எங்கள் வீட்டுக்கு அதில் ஒரு மருமகனையும் அருள்வானாக.

இங்ஙனம்,
தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
ச. நமசிவாயம்

பிற்குறிப்பு: கடிதத்தை உறையிலிட்டு ஒட்டியபின், சூசைதாசனை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று சந்திக்குப் போனேன். திரும்பி வந்து உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். "பழைய எண்ணெயோ? என்ன மாஸ்டர் கதைக்கிறியள்! அது வியாழக்கிழமை பொரிச்ச எண்ணெய். பலகை முன்வாசலுக்கு. திருவிழா எண்டால்தான் பின்கதவாலை யாவாரம் கூட, வீட்டிலை சமைக்க ஏலாதெல்லோ" என்றார். யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். "கனபேர். பேர் சொல்லுறது மரியாதையில்லை. உரும்பிராய்ப் பஞ்சலிங்கம் ஐயாவை மட்டும் சொல்லலாம், அவர் எங்கடை நெடுநாள் வாடிக்கை. விரதகாலத்திலை மீன் தொடவே மாட்டார். கணவாய் மட்டுந்தான்."

ஆகவே மேலே கேட்ட மன்னிப்புகள் அனைத்தையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கார் விற்பனைக்கு இல்லை. பாரியாருக்கு விளங்கப்படுத்தும் பொறுப்பைத் தங்கள் ஆராய்ச்சிப் புத்திக்கே விட்டுவிடுகிறேன். இயலாவிட்டால் நானே வந்து விளங்கப்படுத்துவேன். இந்தக் கிழமைக்குள் கலியாண நாளைக் குறித்து அறிவியுங்கள். மாப்பிள்ளையை அழைத்துவர எங்கள் காரே வரும். எண்ணெய் உங்கள் உபயம்.