நாற்பத்தெட்டு இலக்கச் சாம்பல்

வேலையில் மிக ஒழுங்காக இருந்தவன் ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கு ஆபத்தானவன் ஆகிறான். இதை நான் எங்கும் படித்துச் சொல்லவில்லை. என் மனைவி கல்யாணியின் நாவலை நான் அழித்த விதமே போதுமான சான்று.

அரசு ஆலை ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். ராணுவத்துக்குப் போகும் கருவிகள் என்பதால் எங்களிடம் ரகசியக் காகிதங்கள் உண்டு. எதற்கும் நகல் எடுக்கக் கூடாது. மார்ச் மாதக் கடைசியில், தேவை முடிந்த காகிதங்களை ஒரு சாட்சியின் முன் எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஓய்வு பெற்ற அன்று அடையாள அட்டை, மேசைச் சாவி, ஸ்பானர் பெட்டி எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பழக்கத்தைத் திரும்பக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டிலும் பதிவேடு ஒன்று உண்டு. வருடா வருடம் மொட்டை மாடியில், உடைந்த பூந்தொட்டியில் எரிப்பு நடக்கும். சாட்சி கல்யாணி. (“சீக்கிரம் எரிங்க, அடுப்புல பால் இருக்கு” என்பதுதான் சாட்சியின் வழக்கமான வாக்குமூலம்.)

கல்யாணி பள்ளி ஆசிரியையாக இருந்தவள். ஓய்வுக்குப் பிறகு ஒரு நாவல் எழுதத் தொடங்கினாள். செகந்திராபாத் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்து நர்ஸாகும் ஒரு பெண்ணின் கதை என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். நான்கு வருடம், இரண்டு விரலால் தட்டித் தட்டி, இருபத்திரண்டு அத்தியாயம். மடிக்கணினியில் இடமில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன் நான் வாங்கிக் கொடுத்த ஹார்ட் டிஸ்கில்தான் அது முழுவதும் இருந்தது.

அந்த டிஸ்குக்கு நான் பூட்டுப் போட்டேன். அவளுடைய நர்ஸின் கதையை எந்த எதிரி நாடும் தேடவில்லை என்பது இப்போது புரிகிறது. அப்போது, பூட்ட வசதி இருக்கும்போது பூட்டாமல் விடுவது குற்றம் என்று நினைத்தேன். கடவுச்சொல் ஒன்று வைத்து, அதைக் கணினியே நினைவில் வைத்துக்கொள்ளும்படி செய்தேன். அவள் செருகினால் தானாகத் திறக்கும். கடவுச்சொல் மறந்தால் திறப்பதற்கென்று நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்றையும் கணினி கொடுத்தது. அதை அச்செடுத்துக்கொண்டேன். திருடன் கையில் கிடைத்தால் இன்னது என்று தெரியக் கூடாதே என்று, மேலே இருந்த தலைப்பைக் கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டு எண்ணை மட்டும் உறையில் போட்டு ஒட்டினேன். உறையின் மேல் ‘க-7’ என்று எழுதினேன்.

“பென் டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வெச்சுக்கட்டுமா?” என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

“ரெண்டு காப்பின்னா கசியறதுக்கு ரெண்டு வழி.”

“கசிஞ்சா நாலு பேர் படிப்பாங்க. அதுக்குத்தானே எழுதறேன்.”

நான் அனுமதி கொடுக்கவில்லை.

சென்னையில் ஒரு சிறு பதிப்பகத்துக்கு முதல் மூன்று அத்தியாயங்களை அவள் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் முழு நாவலையும் அனுப்பினால் இந்த வருடமே போடுகிறோம் என்று எழுதினார்கள். அந்த வாரத் திங்கட்கிழமை, மடிக்கணினி மெதுவாக ஓடுகிறது என்று பழைய மென்பொருளை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிய பதிப்பைப் போட உட்கார்ந்தேன்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் அதைத் தொடாதீங்களேன்.”

“டிஸ்க் வேற, கம்ப்யூட்டர் வேற. ஒண்ணும் ஆகாது, கல்யாணி.”

மென்பொருள் அழகாக மாறியது. டிஸ்கைச் செருகினாள். திறக்கவில்லை. மஞ்சள் பூட்டுப் படம் ஒன்று வந்து கடவுச்சொல் கேட்டது. இத்தனை நாள் கேட்காத கேள்வியைக் கேட்கிறது என்றால் கோளாறு கேள்வியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கேபிளை மாற்றினேன். இந்தப் பக்கத் துளையிலிருந்து எடுத்து அந்தப் பக்கத் துளையில் செருகினேன். கீழ்வீட்டுக் கணினியில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு சோதனையையும் எண் போட்டு எழுதி, முடிவு என்ற இடத்தில் ‘திறக்கவில்லை’ என்று பதினொரு முறை எழுதினேன். நினைவில் வைத்திருந்த கணினியின் நினைவைத்தான் காலையில் நானே துடைத்தேன் என்பது பன்னிரண்டாவது சோதனையில் உறைத்தது.

சரி, மறந்துபோன கடவுச்சொல்லை ஊகிப்போம் என்று உட்கார்ந்தோம். என் பணியாளர் எண்ணைப் போட்டேன். இல்லை. ஸ்கூட்டர் எண். இல்லை.

“நம்ம கல்யாணத் தேதியைப் போட்டுப் பாருங்க.”

போட்டேன். இல்லை.

“ஏங்க, இது நிச்சயதார்த்தத் தேதி.”

சரியான தேதிக்கும் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஹப்சிகுடாவில் ஒரு பழுது பார்க்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் காதர் பாய் டிஸ்கை இரண்டு நிமிடம் பார்த்தார். “டிஸ்க் ஏக்தம் அச்சா ஹை, அங்கிள். லாக் கைக்கு டாலே?” டிஸ்கில் குறையே இல்லை, பூட்டு எதற்குப் போட்டீர்கள் என்கிறார்.

“கம்ப்யூட்டர் தானாகவே போட்டுக்கொண்டது” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். எழுபத்திரண்டு வயதில் சொன்ன பொய்.

“தானா எல்லாம் போடாது, பாய்” என்று கல்யாணி என்னைவிட நல்ல இந்தியில் சொன்னாள். “இவர்தான் போட்டார்.”

காதர் பாய் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “நம்பர் ஹோனா, அங்கிள். படா நம்பர். காகஸ் பே ஹோய்ங்கா, தேக்கோ.”

அந்தப் பெரிய எண் காகிதத்தில் இருக்கும், தேடுங்கள் என்றார். எனக்கு உயிர் வந்தது. ‘க-7’. என் வீட்டில் காகிதம் தொலைவதில்லை. ஆட்டோவில் வரும்போது முறையாகக் கோப்பு வைப்பதன் அருமையைப் பற்றிக் கல்யாணிக்கு ஒரு சிறு உரைகூட நிகழ்த்தினேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். க-6 இருந்தது. க-8 இருந்தது. பதிவேட்டை எடுத்தேன். ‘க-7: ஒரு தாள். எண்கள். நோக்கம் தெரியவில்லை. அழிக்கப்பட்டது.’ கீழே என் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் அவள் கையெழுத்து.

மார்ச் மாத மொட்டை மாடி முழுவதும் ஞாபகம் வந்தது. உறையைப் பிரித்துத் தலைப்பில்லாத எண் வரிசையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

“என்ன நம்பர் அது?” என்று அவள் கேட்டிருந்தாள்.

“தெரியலை.”

“தெரியலைன்னா வெச்சுக்கலாமே.”

“என்னன்னு தெரியாத ரகசியம்தான் ரொம்ப ஆபத்து” என்று சொல்லித் தீக்குச்சியைக் கிழித்தவன் நான். சாம்பலைக் கரைத்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன்.

கல்யாணி பதிவேட்டில் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. “நாலு வருஷம்” என்று மட்டும் சொன்னாள். பிறகு முகம் கழுவப் போனாள். குழாய் அதிக நேரம் ஓடியது.

வெள்ளிக்கிழமை அவள் பதிப்பகத்துக்கு எழுதினாள். அவர்கள் அவகாசம் கொடுத்தார்கள். நான்காவது அத்தியாயத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். இந்த முறை கோடு போட்ட நோட்டில், பேனாவால். நான் எழுதித் தரட்டுமா, நீ சொல்லச் சொல்லத் தட்டட்டுமா என்று கேட்டேன். “நக்கோ” என்றாள். நாற்பது வருட ஹைதராபாத் வாழ்க்கையில் ‘வேண்டாம்’ என்பதற்கான அந்த ஊர்ச் சொல்லை அவள் இவ்வளவு சுத்தமாக உச்சரித்து நான் கேட்டதில்லை.

ஏழு மாதம் பிடித்தது. அடுத்த வருடம் புத்தகம் வந்தது. சமர்ப்பணப் பக்கத்தில் ஒரே வரி: ‘இந்த நாவலை என்னை இரண்டு முறை எழுத வைத்த என் கணவருக்கு.’

திருச்சியிலிருந்து அவள் தம்பி அழைத்தான். “பெரிய மனசு அத்தான் உங்களுக்கு. முதல்ல எழுதினது போதாதுன்னு திருப்பி எழுத வெச்சிருக்கீங்க பாருங்க. எங்க வீட்லயும் அதைத்தான் பேசிட்டிருக்கோம்.” நான் நன்றி சொன்னேன். பிறகு என் சித்தப்பா வீட்டிலும் அதையே சொன்னார்கள், அவர்களுக்கும் நன்றி சொன்னேன். எங்கள் குடும்பத்தில் இலக்கியம் தெரிந்த கணவன் என்று எனக்கு ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. கல்யாண வீடுகளில் மருமகன்களிடம் என்னைக் காட்டி, மனைவியை ஊக்குவிப்பது எப்படி என்று இவரிடம் கேளுங்கள் என்கிறார்கள். கல்யாணி பக்கத்தில் நின்று, “ஆமா, கேட்டுக்கோங்க” என்பாள்.

புத்தகத்தை ஒரே மூச்சில் படித்து முடித்த அன்று, கொஞ்சம் ஆறுதல் கிடைக்குமா என்று அவளிடம் கேட்டேன்.

“ரெண்டாவது தடவை எழுதினதுல இன்னும் நல்லா வந்திருக்கு இல்ல?”

“முதல்ல எழுதினதை நீங்க படிச்சீங்களா?”

படிக்கவில்லை. இரண்டு வருடம் காவல் காத்தேன், ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.