ஜெனிவாவில் துண்டு இல்லை

உலகத்தில் நாடும் நாடும் சண்டை போடுவதற்கு ஒரே காரணம் அவர்களிடம் துண்டு இல்லாததுதான் என்று நம்பிய ஒரே மனிதர், எங்கள் துண்டு அண்ணன். திண்டிவனம் மண்டித் தெருவில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைத் தரகர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

விலையை அவர் வாயால் சொல்லவே மாட்டார். எதிராளியின் கையைத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடிப்பார். பிடித்த விரல்தான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. மண்டியோடு நின்றால் பரவாயில்லை. வாழைப்பழக் கடை, ஆட்டோ ஸ்டாண்டு, எங்கும் இதே கதைதான். ஒருமுறை கிளியனூர் போகிற பஸ்ஸில் டிக்கெட்டுக்கும் துண்டைப் போட்டுவிட்டார்.

"யோவ், கைய வுடுய்யா. லேடீஸ்லாம் பாக்குறாங்க" என்று கண்டக்டர் நெளிந்தார்.

அப்போது நான் அதே தெருவில் ஓர் ஏற்றுமதி ஆபீஸில் குமாஸ்தா. எங்கள் மல்லாட்டை கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, அது போய்ச் சேர வேண்டிய நாடு இறக்குமதி வரியைத் திடீரென்று ஏற்றிவிட்டது. அவர்கள் பாக்குக்கு நம் அரசாங்கம் வரி போட்ட கோபம். கூடுதல் வரியை நீங்களே கட்டுங்கள் என்றது சரக்கை வாங்கிய கம்பெனி. ஒரு பைசா தர மாட்டேன் என்றார் எங்கள் முதலாளி. சரக்கு அந்நியத் துறைமுகத்தில் கிடந்தது. திரும்பி வந்தால் ஆபீஸை இழுத்து மூட வேண்டியதுதான். 'ஃபாரின் கம்பெனி மாப்பிள்ளை' என்று விழுப்புரத்தில் எனக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணமும் அதோடு போய்விடும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னாப்பா, கவர்மெண்டுங்க பேசிக்கலையா?" என்று கேட்டார் துண்டு அண்ணன்.

"ஜெனிவாவுல, ஒலக வர்த்தக ஆபீஸ்ல பேசிக்கினுதான் இருக்காங்கண்ணே."

"துண்டு போட்டா?"

"மைக்கு போட்டு."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "மைக்குல பேசினா எவன்பா எறங்கி வருவான்? ஊரே கேக்குது. மானம் போவாது?"

கடைசியில் அந்தக் கம்பெனியிலிருந்து ஆளே நேரில் வந்தது. முதலாளி வேறு வழியில்லாமல் துண்டு அண்ணனைக் கூப்பிட்டார். நான் விருந்தாளிக்கு இங்கிலீஷில் விளக்கினேன்: ஐந்து விரல் என்றால் கூடுதல் வரி முழுவதும் எங்கள் தலையில், ஒரு விரல் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. விருந்தாளி உற்சாகமாகக் கையை நீட்டினார். கையில் வளையல். அண்ணன் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார்.

"பொம்பளைங்க கைய நான் எப்டிப்பா புடிக்கிறது?"

ஆள் விட்டு அண்ணியை வரவழைத்தார். கேப்பை மாவு பிசைந்த கையைக் கழுவிக்கொண்டு அண்ணி வந்து நடுவில் உட்கார்ந்தார். அவருடைய வலது கை அண்ணனிடம், ஒரு துண்டு. இடது கை அந்த அம்மாளிடம், இன்னொரு துண்டு. அண்ணன் பிடிக்கிற விரலை அண்ணி அந்தப் பக்கம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்த அம்மாள் பக்கத்துத் துண்டு படபடவென்று அசைந்தது. அண்ணன் பக்கத்துத் துண்டு அசையாமல் கிடந்தது. அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கினார், தலையை ஆட்டினார், பிறகு சிரித்தே விட்டார்.

"ரெண்டு வெரலுக்குப் படிஞ்சிடுச்சி" என்றார் அண்ணி.

"ரெண்டா? நான் இன்னும் வெலையே சொல்லலியே" என்றார் அண்ணன்.

"நீ எங்க சொன்ன? கையப் புடிச்சது புடிச்சபடியே குந்திக்கினு இருக்குற. எவ்ளோ நேரம் பாக்குறது? நானே பேசி முடிச்சிட்டேன்."

அண்ணனின் காது சிவந்துவிட்டது. துண்டை உருவி முகத்தை மூடிக்கொண்டார். முதலாளி அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. சரக்கு இறங்கியது, என் கல்யாணமும் நடந்தது. ஜெனிவாவில் இன்னும் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

அண்ணன் தொழிலை விட்டு நாளாகிறது. போன மாதம் விழுப்புரம் போவதற்காக நானும் மனைவியும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். சிமென்ட் பெஞ்சில் அண்ணனும் அண்ணியும். இருவர் தலையும் நரைத்துவிட்டது. நடுவில் இருவர் கையையும் மூடிக்கொண்டு ஒரு துண்டு. நான் கிட்டப் போனேன்.

"இன்னாண்ணே, யாவாரத்த வுட்டுட்டதா சொன்னாங்க. இங்க இன்னா வெல பேசிக்கினு இருக்கீங்க?"

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அண்ணன் கையை எடுக்கவில்லை.

"எங்கப்பா, இன்னும் படியல."

எங்கள் பஸ் வந்துவிட்டது. அது படியவே கூடாது என்று வேண்டிக்கொண்டே ஏறினேன்.