வராத ‘முடிந்தது’

பத்து மணியாகியும் பதில் வரவில்லை. திரையில் திறந்து கிடந்த மெயிலில் புதிதாக ஒன்றும் இல்லை.

சதீசன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆறு வருடமாக ஒப்பந்த புரோகிராமர். ஆள்குறைப்புக்காகத் தலைமை அலுவலகம் கிளை ஆட்கள் அனைவரின் பெயரையும் ஒரு செயலியில் வரிசையாக அடுக்கியிருந்தது. அவன் ஒரு தடவை பொத்தானை அழுத்தினால், வாசலில் உள்ள மிஷின் வரிசையில் முதலில் நிற்பவரின் நுழைவுக் கார்டு, மெயில் எல்லாவற்றையும் மூடி, அவர் பெயரை வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, அழுத்தியவரின் மெயிலுக்கு ‘முடிந்தது’ என்று பதில் அனுப்ப வேண்டும். இன்றைக்கு ஒரே ஓர் ஆள்.

“யாருன்னு எனக்கே தெரியாது லா,” என்றிருந்தார் மேலாளர் காமினி. “பதில் மட்டும் ஒழுங்கா வரட்டும். உங்கள பெர்மனன்ட் பண்ணிடுறேன்.”

மனைவிக்குப் போன் போட்டு, ‘பெர்மனன்ட் ஆயிட்டேன்’ என்றே சொல்லிவிட்டான்.

ஒன்பது மணிக்கு அழுத்தியதற்கு இன்னும் பதில் வராததால், தகவல் போய்ச் சேரவில்லை என்று முடிவுகட்டி மறுபடி அழுத்தினான்.

போன் அடித்தது. கணக்குப் பிரிவு சலேஹா.

“அண்ணே, டாய்லெட் பக்கம் வந்தேன். திரும்பி வர கதவு திறக்க மாட்டேங்குது!”

“லைன் மோசம்மா. எனக்கும் அதான் பதில் வரல. அங்கேயே இருங்க.”

“இங்கேயேவா?”

லைன் மோசம் என்றால் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியும். நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே அனுப்பும்படி மாற்றினான்.

அடுத்தது ஸ்டோர் கஜன். “டேய், நாசி லெமாக் வாங்க வெளிய போனேன். கேட் உள்ள விட மாட்டேங்குதுடா!”

“லைன் ரொம்ப மோசம்டா,” என்று நிமிடத்தைப் பத்து விநாடியாகக் குறைத்தான் சதீசன்.

மதியத்துக்குள் மாடியில் மேசைகள் மட்டும் இருந்தன. ஜன்னலுக்குக் கீழே, வெயிலில், ஒரு கூட்டம் நின்றது. அதிலிருந்து காமினி போனில் அழைத்தார்.

“சதீசன்! என் கார்டும் செத்துப்போச்சு! பதில் வந்திச்சா இல்லையா?”

“வந்துடும் மேடம். இன்னும் வேகமா அனுப்புறேன்.”

வாசலில் காவல் நிற்கும் ஜாகா பிச்சைமுத்து காலி அட்டைப் பெட்டியோடு மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

“காலையிலேயே வரணும்னு பார்த்தேன் தம்பி. ஒவ்வொருத்தரா வெளிய அனுப்பவே நேரம் சரியாப்போச்சு.” பெட்டியை மேசையில் வைத்தார். “மொத பேரு உங்களோடது, உங்க மெயில் ஒம்பது மணிக்கே மூடிருச்சாம், பதில யாருக்கு அனுப்புறதுன்னு மிஷின் அப்போலேர்ந்து என்னையே கேட்டுக்கிட்டு இருக்குது.”