லண்டன் மாப்பிள்ளையின் தோளில் ஏறிய கதை

மெல்பேர்னில் வளர்ந்தவனிடம் “ஃபுட்போல் பார்ப்பாயா?” என்று கேட்பதும் “சோறு சாப்பிடுவாயா?” என்று கேட்பதும் ஒன்றுதான். யோசிக்காமலே வாய் “ஓம்” என்று சொல்லிவிடும். கேட்பவர் எந்த நாட்டிலிருந்து கேட்கிறார் என்று நான் ஒரு விநாடி யோசித்திருந்தால், ஒரு நல்ல மனிதரின் தோள்பட்டை எலும்பு இன்றைக்கும் ஆண்டவன் படைத்தபடியே இருந்திருக்கும்.

என் அக்கா தர்சினிக்கு லண்டனில் இருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெயர் நிரோஷன். அவருடைய அப்பா கனகு அங்கிள் ஒருநாள் வீடியோ அழைப்பில் வீட்டில் உள்ள எல்லோரையும் வரிசையாக விசாரித்துக்கொண்டு வந்தார். என்னுடைய முறை வந்தது.

“தம்பி பிரசன்னா, நீர் ஃபுட்போல் பாக்கிறனீரோ?”

“ஓம் அங்கிள். கிழமைக்கிழமை பாப்பன்.”

“உண்மையாவோ! அங்கயும் வந்திட்டுதே? இஞ்ச லண்டனிலயும் இப்ப பெடியளுக்கு அதுதான் பைத்தியம். நான் முப்பது வருசம் மற்ற ஃபுட்போலைப் பாத்து வீணாப் போனனான், தெரியுமோ? தொண்ணூறு நிமிசம் குந்தியிருந்து, கடைசியில ஒருதரும் கோல் அடிக்காமல் வீட்ட வாறது. இது அப்பிடியில்லை. இது செஸ் மாதிரி. ஆனா காய் ஒவ்வொண்டும் ஒரு மாடு நிறை!”

மாடு என்றதும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் பின்னால் நின்ற அம்மா ‘எல்லாத்துக்கும் ஓம் சொல்லு’ என்று கண்ணைக் காட்டினார். சொன்னேன்.

இரண்டு கிழமையில் லண்டனில் இருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே முழங்கால்வரை தொங்கும் ஒரு ஜெர்சி. தோள் இரண்டும் என்னைப்போல் இருவருக்குப் போதும். முன்னாலும் பின்னாலும் பெரிய இலக்கம்.

“என்னடா இது, நைட்டி மாதிரிக் கிடக்கு?” என்றார் அம்மா.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அங்கிள் கேட்டது அமெரிக்க ஃபுட்போலை. நான் ஓம் சொன்னது எங்கள் ஊர் அவுஸ்திரேலிய ஃபுட்போலுக்கு. இரண்டிலும் பந்து முட்டை வடிவம்தான். ஒற்றுமை அத்தோடு சரி. எங்கள் ஆட்டத்தில் கவசம் கிடையாது. கையில்லாத பனியனும் குட்டைக் காற்சட்டையும் போதும். பந்தைக் காலால் உதைக்கலாம். உயரப் பந்து வந்தால் முன்னால் நிற்பவரின் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறிக்கூடப் பிடிக்கலாம். அது குற்றமில்லை. பிடித்துவிட்டால் மைதானமே எழுந்து நின்று கைதட்டும்.

“அம்மா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அங்கிளிட்ட உண்மையைச் சொல்லிவிடுறன்.”

“வாயைப் பொத்து. கலியாணம் சரிவருமட்டும் நீ பாக்கிறது இந்த ஃபுட்போல்தான்.”

அதனால் வேலையால் வந்து ஒவ்வொரு நாளும் அந்த ஆட்டத்தைப் பார்த்துப் படித்தேன். (சோதனைக்குக்கூட நான் இப்படிப் படித்ததில்லை.) சில விநாடிகள் ஓடி மோதிக்கொள்கிறார்கள். உடனே நிறுத்திவிட்டு, கோயில் பரிபாலன சபைக் கூட்டம் மாதிரித் தலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கூட்டம் முடிந்து திரும்பவும் மோதுகிறார்கள். இடையிடையே நடுவர் மஞ்சள் துணியொன்றைக் கீழே எறிந்துவிட்டு எல்லோரையும் முறைக்கிறார். ஏன் எறிந்தார், அவருக்கு யார் என்ன செய்தார்கள் என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

தைப்பொங்கல் முடிந்த கையோடு லண்டன் குடும்பம் மெல்பேர்னில் வந்து இறங்கியது. அங்கிள், அவருடைய மனைவி சாந்தி அன்ரி, நிரோஷன், கூடவே நிரோஷனின் ஒன்றுவிட்ட தம்பிமார் இருவர். நிரோஷன் அமைதியான ஆள். எங்கள் வீட்டுக் கதிரையில் நுனியில் இருந்து தேத்தண்ணி குடித்தார். அக்கா எதிரே இருந்தாள். இரண்டு பேரையும் சுற்றிப் பெரியவர்கள் அவ்வளவு பேரும் இருந்ததால், வெயிலைப் பற்றியும் விமானத்தைப் பற்றியும் தவிர அவர்கள் ஒன்றும் பேசவில்லை. அவர்கள் போனபிறகு, மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டதற்கு அக்கா, “யோசிச்சுச் சொல்லுறன்” என்றாள். அந்த ஒரு வசனத்தில் அம்மாவின் நித்திரை போய்விட்டது.

சனிக்கிழமை எல்லோருமாகக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்விட்டு, பக்கத்தில் ஒரு பார்க்கில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். அங்கிள் காரின் பின்கதவைத் திறந்து ஒரு பையை எடுத்தார். அதற்குள் ஒரு பந்தும் கொஞ்சம் இடுப்புப் பட்டிகளும் இருந்தன. ஒவ்வொரு பட்டியிலும் இரண்டு ரிபன்கள் தொங்கின.

“இது மோதாமல் விளையாடுற முறை. பந்து வைச்சிருக்கிறவற்ற ரிபனை இழுத்தால் ஆள் அவுட். ஆளில ஆள் தொடக்கூடாது. சின்னப்பிள்ளையளும் விளையாடலாம். லண்டன் ஒரு பக்கம், மெல்பேர்ன் ஒரு பக்கம். மெல்பேர்னுக்குப் பிரசன்னாதான் கப்டன்!”

என்னுடைய அணியில் அப்பாவும், நோபல் பார்க் என்ற ஊரில் இருந்து அம்மா பொரித்த ரோல்ஸ் சாப்பிட வந்திருந்த மச்சான்மார் இருவரும். அப்பா கோயிலுக்கு வந்த வேட்டியோடு நின்றார். வேட்டிக்கு மேலேயே பட்டியைக் கட்டிக்கொண்டார்.

முதல் பந்து என் கைக்கு வந்தது. எறியவேண்டும் என்று தெரியும். படித்தவன்தானே? ஆனால் காலுக்குப் படிப்பு ஏறவில்லை. உதைத்துவிட்டேன். பந்து பார்க்கைத் தாண்டிப்போய், யாரோ ஒருவர் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. “நல்ல உதை!” என்று அவர் கத்தினார். (வெள்ளைக்காரர், எங்கள் ஊர்க்காரர். அவருக்கு ஆட்டம் விளங்கியது.) அங்கிள் மட்டும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்து பந்து அப்பாவிடம் போனது. அங்கிள் பாய்ந்துபோய் ரிபனைப் பிடிக்கக் கை நீட்டினார்.

“ஐயோ, இழுக்காதேங்கோ!” என்று சாந்தி அன்ரி அலறினார். “இழுத்தால் வேட்டியும் வரும்!”

அங்கிள் கையை எடுத்தார். நிரோஷன் வந்தார், வேட்டியைப் பார்த்தார், ஒதுங்கினார். தம்பிமார் கிட்டவே வரவில்லை. அப்பா பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காலையில் வீதியில் உலாத்துகிற அதே நடையில், ஒருதரும் தடுக்காமல் மைதானத்தின் கோடிவரை நடந்துபோய்க் கோட்டைக் கடந்தார். அந்த ஆட்டத்தில் கோல் மாதிரி எண்ணுகிற ரச்டவுன், அன்றைய தினத்தின் முதலாவது, அதுதான். அங்கே போய்ச் சேர்ந்தபிறகும் தான் என்ன செய்தார் என்று அப்பாவுக்குத் தெரியாது. “இனி எங்க போறது?” என்று கேட்டார்.

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்காகூடச் சிரித்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

அங்கிளுக்கு ரோசம் வந்துவிட்டது. பந்தை எடுத்து, நிரோஷனை முன்னால் ஓடச் சொல்லி, கையைப் பின்னுக்கு வளைத்து உயர எறிந்தார். அழகான எறிவு. பந்து வானத்தில் சுழன்று சுழன்று வந்தது. நிரோஷன் கையை ஏந்திக்கொண்டு அதற்குக் கீழே நின்றார். அவருக்குப் பின்னால் நான்.

உயரத்தில் ஒரு பந்து, எனக்கு முன்னால் ஒரு முதுகு. பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் பழகிய உடம்பு என்னைக் கேட்கவில்லை. ஓடினேன், எழும்பினேன், நிரோஷனின் தோளில் முழங்காலை ஊன்றினேன், முதுகில் சப்பாத்தை வைத்தேன், இன்னும் எழும்பினேன். அங்கே, மரங்களின் உயரத்தில் (சரி, அவ்வளவு உயரமில்லை), பந்தை இரண்டு கையாலும் பிடித்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பிடி பிடித்ததில்லை. அடுப்புக்காரர் கைதட்டியது காதில் விழுந்தது.

அவர் மட்டும்தான் கைதட்டினார்.

நான் பந்தை உயர்த்திக் காட்டிக்கொண்டு திரும்பினேன். நிரோஷன் புல்லில் பக்கவாட்டில் கிடந்தார். அங்கிள், “ஃபவுல்!” என்று கத்தினார். அதற்குப் பிறகுதான், “மகன்!” என்று கத்தினார். (இந்த ஒழுங்குவரிசையைச் சாந்தி அன்ரி இன்னும் மன்னிக்கவில்லை.)

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு தாதி, எப்படி நடந்தது என்று கேட்டார்.

“புல்லில வழுக்கி விழுந்திட்டன்” என்று நிரோஷன் ஆங்கிலத்தில் சொன்னார். முகம் வலியில் வெளுத்திருந்தது. என்னை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

தாதி அவரை மெல்லத் திருப்பினார். வெள்ளைச் சேட்டின் நடுவில் என் சப்பாத்துத் தடம் முழுசாக, அளவுகூட வாசிக்கலாம் போல, பதிந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். பிறகு நிரோஷனிடம் கேட்டார்: “பந்தைப் பிடிச்சாரா?”

“பிடிச்சார்.”

“அப்ப சரி” என்று எழுதிக்கொண்டு போனார். மெல்பேர்ன்காரி.

உள்ளே ஒருவர்தான் நிற்கலாம் என்றார்கள். சாந்தி அன்ரி எழும்பினார். அதற்குள் அக்கா போய்விட்டாள். (“நான் ஃபார்மசிஸ்ட். மருந்து என்ன குடுக்கினம் எண்டு பாக்கவேணும்” என்றாள். வலிக்குளிசை பார்க்க அவ்வளவு நேரம் எடுக்குமென்று எனக்கு அதுவரை தெரியாது.)

வெளியே இரண்டு குடும்பமும் எதிரெதிரே இருந்தோம். அம்மாவின் மடியில் மிஞ்சின ரோல்ஸ் பெட்டி. அம்மா கண்ணைத் துடைப்பதும் பெட்டியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அக்காவின் வாழ்க்கையை ஒரு பாய்ச்சலில் நாசமாக்கினவன் இனி எந்த நாட்டில் போய் வாழலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் துணிந்து அன்ரிக்கு முன்னால் போய் நின்றேன்.

“அன்ரி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு அந்த ஃபுட்போல் தெரியாது. நான் பொய் சொன்னனான்.”

அன்ரி என்னைப் பார்த்தார். அங்கிள் அங்கே அப்பாவுக்கு, அவர் நடந்துபோனது ஏன் முறையான ரச்டவுன் என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

“தம்பி, எனக்கும் தெரியாது” என்றார் அன்ரி மெல்ல. “ஞாயிற்றுக்கிழமை எண்டால் பின்னேரம் தொடக்கம் படுக்கிறமட்டும் எங்கட ரீவியில அதுதான். வீடு முழுக்கச் சிநேகிதர்மார். நான் குசினிக்கும் ஹோலுக்கும் நடந்த நடைக்கு எனக்குத்தான் கப் தரவேணும். இனி அந்தப் பந்துப் பையை நான் ஒளிச்சுவைச்சால் ஆரும் ஏனெண்டு கேக்கேலாது. நீர் இரும். ஒரு ரோல்ஸ் எடும்.”

அந்த ரோல்ஸின் ருசி இன்னும் நினைவிருக்கிறது.

அக்கா வெளியே வந்தபோது எல்லோரும் எழும்பினோம். எலும்பு முறிந்திருக்கிறது, ஆனால் சத்திரசிகிச்சை தேவையில்லை, கையைத் தாங்கத் தூக்குத்துணி கட்டியிருக்கிறார்கள் என்றாள். அம்மா பயந்து பயந்து கேட்டார்:

“என்ன பிள்ளை... என்னமாதிரி?”

“ஓம்.”

“என்ன ஓம்?”

“ஓம் எண்டால் ஓம் அம்மா. அண்டைக்கு நீங்கள் கேட்டதுக்குத்தான்.”

அம்மா ரோல்ஸ் பெட்டியோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

உள்ளே என்ன பேசினீர்கள் என்று நான் அக்காவை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். முழுக்கச் சொல்லமாட்டாள். நிரோஷன் முதலில் கேட்டது, “தம்பியை ஏசாதையும், பாவம்” என்பது. இரண்டாவதாகக் கேட்டது, “உங்கட வீட்டில எல்லாரும் ஏறுவினமோ, இல்லாட்டி அவர் மட்டுந்தானோ?” என்பது. அதற்குமேல் அக்கா சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அடுத்த கிழமை நிச்சயதார்த்தம் நடந்தது. தூக்குத்துணிக்கு மேலே அன்ரி பட்டுச் சால்வை போர்த்திவிட்டார். படங்களில் மாப்பிள்ளை ஒரு பக்கம் மட்டும் பெரிய ஆள் மாதிரி நிற்பார்.

போன ஒக்டோபரில் லண்டனுக்குப் போயிருந்தேன். அங்கிள், இப்போது என் அத்தானாகிவிட்ட நிரோஷனையும் என்னையும் அந்த ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். அமெரிக்க அணிகள் இரண்டு, ஆனால் அரங்கு நிறைய இங்கிலாந்துக்காரர்கள். விளையாடாத அணிகளின் ஜெர்சியைக்கூடப் போட்டுக்கொண்டு, ஏதோ திருவிழா மாதிரி வந்திருந்தார்கள். அங்கிளின் சிநேகிதர்மார் ஒரு வரிசை முழுக்க இருந்தார்கள். ஆங்கிலேயர், ஐரிஷ்காரர், வல்வெட்டித்துறைக்காரர் ஒருவர். அங்கிள் என் தோளில் தட்டி, “இவர்தான் அவர்” என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எனக்கு முன் இருக்கையில் இருந்த பெரியவர் எழும்பி, மரியாதையாகக் கைகொடுத்துவிட்டு, நாலு இடம் தள்ளிப்போய் இருந்தார்.

ஆட்டத்தில் ஒரு நீண்ட பந்து உயரக் கிளம்பியது. அரங்கே அண்ணாந்து பார்த்துக்கொண்டு எழும்பியது. பக்கத்தில் இருந்த அத்தான் மட்டும் எழும்பவில்லை. முதலில் திரும்பி, நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தார். என்னுடைய இரண்டு காலும் நிலத்தில் இருப்பதை உறுதிசெய்துகொண்டபிறகுதான் எழும்பிக் கைதட்டினார்.