ஆபீஸ் வாசலில் ஓடிய கம்பம் பஸ்

கூட வேலை பார்த்தவனைத் தினமும் சாகடித்துவிட்டு நிம்மதியாக வெற்றிலை போட்ட மனிதர், எனக்குத் தெரிந்து சாக்பீஸ் சார் ஒருவர்தான். செத்தவன் நான்.

எழுபதுகளில் தேனியில் ரோடு போடும் ஓர் அரசாங்க ஆபீஸ். அவர் ரோட்டுப் பிளான் வரைபவர், நான் கிளார்க். மதுரை, கம்பம், பெரியகுளம் ரோடுகள் கூடும் முக்கில், ஜனங்கள் கடக்க வெள்ளைக் கோடு போடும் வேலை வந்தது. தப்பான இடத்தில் போட்டால் சந்தைக்கு வருகிறவர்கள் அடிபட்டுச் சாவார்களே என்று சாருக்குத் தூக்கம் போயிற்று. எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் போயிற்று.

ஆபீஸ் வாசலில் அந்த முக்கை அப்படியே சாக்பீஸால் வரைந்தார். டைப்பிஸ்ட் செல்லையாவும் அவன் சைக்கிளும் சேர்ந்து கம்பம் பஸ். நான் சந்தைக் கூட்டம். செல்லையா பெல் அடித்துக்கொண்டே வந்து என்னை இடிப்பான்.

"செத்தாச்சு. எந்திரிப்பா, மறுபடி நட" என்பார் சார். அலுத்துப்போய் எழுந்து நடப்பேன்.

ஒருநாள் என் தலையில் பைல் கட்டை ஏற்றினார்.

"இது எதுக்கு சார்?"

"சந்தைக்கு வாறவுக வெறுங்கைய வீசிக்கிட்டா வாறாக? வாழைத்தாரோட வாறாக. நட!"

நடந்தேன். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வளைவில் திரும்பிய கம்பம் பஸ் முதுகுப் பக்கமாக வந்து மோதியது. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். சாருக்கோ முகமெல்லாம் பல்.

"பாத்தியா! செமக்கிறவன் திரும்பிப் பாக்க மாட்டான். கோட்ட வளைவ விட்டுத் தள்ளிப் போட்டா, டிரைவராவது அவனப் பாப்பான்ல?"

எங்கள் மேலதிகாரி எஞ்சினியர் ஒப்புக்கொள்ளவில்லை. "முக்குலயே போடுங்கய்யா, பார்வையா இருக்கும்" என்றார்.

சார் பைல் கட்டைத் தூக்கி எஞ்சினியர் தலையில் வைத்தார். "ஒரே ஒரு நடை, ஐயா."

அவரும் ஏதோ ஒரு வேகத்தில் நடந்துவிட்டார். எஞ்சினியரைக் கண்ட பதற்றத்தில் செல்லையாவுக்குப் பிரேக் இருப்பதே மறந்துபோயிற்று. பைல்களுக்கு அடியிலிருந்து எஞ்சினியரை நாங்கள்தான் இழுத்தெடுத்தோம்.

கோட்டைத் தள்ளியே போட்டார்கள். சாரையும் தள்ளித்தான் போட்டார்கள், மயிலாடும்பாறைப் பக்கம். அங்கே அப்போது இருந்ததே ஒரு ரோடுதான்.

வழியனுப்ப நான் மட்டும் போனேன். அவரை பஸ் ஏற்றிவிட்டு, வீட்டுக்குத் திரும்ப அந்தப் புதுக் கோட்டில் கால் வைத்தேன். பின்னால் ஜன்னலிலிருந்து அவர் குரல் கேட்டது.

"கண்டக்டரே, செத்த நிப்பாட்டுங்க! நம்ம பய ரோட்டக் கடக்கட்டும்."

பஸ்ஸே அவரைத் திட்டியது. நான் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை அவர் விசில் ஊதவிடவில்லை. எனக்குக் கண் கலங்கி ரோடே தெரியவில்லை, அப்படியேதான் கடந்தேன்.