பைலட் அண்ணனும் கீழ்க்கட்டளை டவரும்

விமானத்தோடு கடலில் விழுந்தவர்களைக் கணக்கெடுத்தால் எங்கள் பைலட் அண்ணன்தான் உலகத்திலேயே முதல் ஆளாக வருவார். விழுந்த கையோடு எழுந்து போய் எதிர்க்கடையில் டீ குடித்தவரும் அவர் ஒருவர்தான்.

அவர் நிஜத்தில் ஓட்டியது ஷேர் ஆட்டோ, கீழ்க்கட்டளைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே. கையைக் காட்டினால் போதும், நடுரோட்டில் கூட நிற்பார். வண்டி நிரம்பிவிட்டால் மட்டும் எமனே வந்து கையைக் காட்டினாலும் நிற்காமல் பறப்பார்.

விமானம் ஓட்டியது, கீழ்க்கட்டளையில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில். மத்தியானம் சவாரி குறைந்ததும் காக்கிச் சட்டையோடு வந்து ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் உட்காருவார். சுற்றிலும் காலேஜ் பிள்ளைகள் சாட்டிங்கில் இருக்க, இவர் விமானம் ஓட்டும் விளையாட்டைத் திறப்பார். ஒரே காற்றாடி வைத்த குட்டி விமானம். கொச்சியில் கிளம்பி லட்சத்தீவில் ஒரு தீவில் இறங்க வேண்டும். சொகுசு விடுதிகள் உள்ள தீவு. ஆனால் ஏர்போர்ட் என்பது ஒரு துண்டு ரோடுதான், இரண்டு பக்கமும் கடல்.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். பேசவே கூச்சம். வந்தவர்களிடம் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லக்கூட வாய் வராமல் ஸ்கேலால் மேஜையைத் தட்டுவேன். அப்படிப்பட்ட என்னைத்தான் அவர் கண்ட்ரோல் டவராக நியமித்தார். விளையாட்டிலேயே கிளம்பவும் இறங்கவும் அனுமதி கொடுக்க ஒரு குரல் உண்டு. அது இங்கிலீஷ் பேசியதால் அதன் சத்தத்தை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"டவர், கெளம்பலாமா?"

நான் தலையாட்டுவேன்.

"நீ தலையாட்டினா மேல கீறவனுக்கு இன்னாம்மா தெரியும்? வாயத் தொறந்து சொல்லு."

"கெளம்புங்கண்ணா" என்பேன். எனக்கே கேட்காது. காதில் கையை வைத்துக்கொண்டு அப்படியே காத்திருப்பார். மொத்தக் கடையும் என்னைத் திரும்பிப் பார்க்கும். மறுபடி சொன்ன பிறகுதான் விமானம் நகரும்.

ஆட்டோவில் வளைவதற்கு ஒரு நாளும் சிக்னல் காட்டாதவர், வானத்தில் ஒழுங்காகக் கையை நீட்டித்தான் வளைவார். பக்கத்து சீட் பையனின் கண்ணாடி இரண்டு முறை கீழே விழுந்திருக்கிறது.

எல்லாம் தீவு வரைக்கும்தான். கடற்கரையில் குட்டிக் குடைகளையும் மனிதர்களையும் பார்த்ததும் அவர் விரல் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். விமானம் தொபுக்கென்று கடலில் விழும்.

"ஏண்ணா ஸ்லோ பண்றீங்க?" என்று ஒரு நாள் தைரியமாகக் கேட்டேன்.

"ஆளு நிக்கிறாங்களேம்மா. கை பழகிப்போச்சு."

இது வெறும் விளையாட்டாக இருந்தவரை கவலை இல்லை. கொச்சியில் வேலை செய்த அவர் மகன், அப்பா அம்மாவை நிஜமாகவே அந்தத் தீவுக்கு அனுப்பி வைக்கிறேன் என்றான். சந்தோஷத்தில் அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது. ஆனால் அவர் மனைவி சரசு அக்கா அசையவில்லை.

"மொதல்ல அந்தப் பொட்டில ஒரு தபா முழுசா எறக்கிக் காட்டு. அப்பால நான் ஏரோப்ளேன் ஏறுறேன்."

"அத நானா ஓட்டப் போறேன்? அதுக்கு வேற ஆளு கீறான்டி."

"தெரியும்யா. நீயே எறக்கிட்டின்னா, அப்பறம் எவன் வேணா எறக்கிடுவான்னு ஒரு தைரியம் வரும்ல."

டிக்கெட் எடுக்க மகன் பதில் கேட்டிருந்த கடைசி நாளில் அக்காவே கடைக்கு வந்துவிட்டார். நாற்காலிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அனுமதி கொடுத்தேன். விமானம் கிளம்பியது.

தீவு கண்ணுக்குத் தெரிந்தபோது கரண்ட் போனது.

யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அது எப்போது உயிரை விடும் என்று அதற்கே தெரியாது. பிள்ளைகள் எல்லோரும் எழுந்து வந்து அண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். குடைகள் தெரிந்தன. மனிதர்கள் தெரிந்தார்கள். அவர் விரல் மெல்ல நகர்ந்தது. விமானம் மூக்கைத் தொங்கப் போட்டது.

"போச்சு" என்றார் அக்கா.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது.

"வண்டி ஃபுல்லுண்ணா. நிக்காம போங்க."

அந்த வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், அவர் விரல் வேகத்தை ஒரேயடியாக ஏற்றியது. விமானம் குடைகளுக்கு மேலே சீறிப் போய், ரோட்டில் ஒரு குதி குதித்து, ஓடி, கடலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. அடுத்த நொடி திரை கறுத்துவிட்டது.

பிள்ளைகள் கை தட்டினார்கள். அண்ணன் நெற்றி வியர்வையைத் துடைத்தார். சரசு அக்கா டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தை எல்லோருக்கும் கொடுத்தார்.

"எறங்கின அப்பறந்தான் தொறக்கணும்னு வச்சிருந்தேன். எறக்கிட்டாரு."

அடுத்த மாதம் ஒரு காலை, பல்லாவரத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது.

"டவர், கெளம்பலாமா?"

பின்னால் ஒரு பெண் குரல், போனை அணைக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தது.

"வண்டி ஃபுல்லாண்ணா?"

"ஃபுல்லு. சரசுக்கு ஜன்னல் சீட்டு."

"அப்ப கெளம்புங்கண்ணா."

மொத்தப் பஸ்ஸும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இருந்தேன்.

இறங்குவதற்கு அவரால் அனுமதி கேட்க முடியாது, போனை அணைத்திருப்பார். கடையைத் திறந்து அந்த ஜன்னலோர நாற்காலியைத் துடைக்கும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று, ஆளில்லாத கடையில் வாயைத் திறந்து சத்தமாகவே சொல்லி வைத்தேன்.

"எறங்குங்கண்ணா."